இறகுக்கு வெளியே எலைஜா ஹார்ப்பர்

எலைஜா ஹார்ப்பர் என்றதும் கனடாக்காரர்கள் பலருக்கும் ஒரே ஒரு படம்தான் ஞாபகம் வரும். 1990 ஜூன் மாதம், வின்னிபெக்கில் உள்ள மானிடோபா சட்டமன்றம். முடியைப் பின்னால் முடிந்துகொண்ட ஒருவர், கையில் கழுகு இறகோடு, நிதானமாக "இல்லை" என்கிறார். ஒரு நாட்டின் அரசியல் சாசனத் திருத்தம் அதோடு நின்றுபோகிறது.

படம் அழகானது, உண்மையானதும்கூட. ஆனால் அந்த மனிதரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அந்தப் படத்தின் மேலேயே ஒரு மனக்குறை வந்துவிட்டது. ஊர்த் தலைவர், சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், நிலக் கோரிக்கை ஆணையத்தின் ஆணையர் என்று இருபது வருஷத்துக்கும் மேலான பொதுவாழ்க்கையை அந்தப் படம் சில நாட்களுக்குள் சுருக்கிவிடுகிறது. அதோடு அந்த நாட்களையே தப்பாகப் புரிந்துகொள்ளவும் வைக்கிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1987இல் பிரதமர் பிரையன் மல்ரோனியும் பத்து மாகாண முதல்வர்களும் மீச் லேக் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1982 அரசியல் சாசனத்தை ஏற்காமல் நின்ற கியூபெக்கை உள்ளே கொண்டுவருவதுதான் நோக்கம். கியூபெக் ஒரு "தனித்தன்மை கொண்ட சமூகம்" என்று சாசனத்திலேயே எழுதப்படும். நாடாளுமன்றமும் பத்துச் சட்டமன்றங்களும் 1990 ஜூன் 23க்குள் இதை ஏற்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் உடன்பாடு காலி.

இதில் பூர்வகுடிகளுக்கு என்ன கோபம்? கியூபெக்கின் மேல் அல்ல. 1987 மார்ச்சில்தான் பூர்வகுடிகளின் தன்னாட்சி பற்றிய அரசியல் சாசன மாநாடு தோல்வியில் முடிந்திருந்தது. 'தன்னாட்சி என்றால் என்ன என்று தெளிவாக வரையறுக்கவில்லையே' என்பது முதல்வர்கள் சிலர் சொன்ன காரணம். அடுத்த மாதமே அதே மேசையில் "தனித்தன்மை கொண்ட சமூகம்" என்ற, வரையறை இல்லாத இன்னொரு சொல்லுக்கு எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். அந்த மேசையில் பூர்வகுடித் தலைவர் ஒருவர்கூட இல்லை. வரையறை இல்லை என்பது ஒருவருக்குத் தடை, இன்னொருவருக்குத் தடையே இல்லை. அவமானம் இங்கேதான்.

இப்போது அந்த "இல்லை"க்கு வருவோம். ஹார்ப்பர் உடன்பாட்டுக்கு எதிராக வாக்களித்துத் தோற்கடித்தார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஒட்டாவாவில் ஒரு வாரம் மூடிய அறைக்குள் பேசி முடித்துவிட்டு முதல்வர் கேரி ஃபில்மன் வின்னிபெக் திரும்பியபோது கெடுவுக்கு இரண்டு வாரம்தான் மிச்சம். தீர்மானத்தைக் கொண்டுவர முறைப்படி முன்னறிவிப்பு தர வேண்டும், பொதுமக்களிடம் கருத்தும் கேட்க வேண்டும். நேரம் இல்லாததால், முன்னறிவிப்பு இல்லாமலே எடுத்துக்கொள்ள சபையின் ஒருமித்த சம்மதம் கேட்டார்கள். 57 பேர் கொண்ட சபையில் ஒரே ஒருவர் மறுத்தாலும் சம்மதம் கிடையாது. ஜூன் 12 அன்று ஹார்ப்பர் மறுத்தார். மறுபடி கேட்டார்கள், மறுபடி மறுத்தார். அவருடைய சொந்தக் கட்சியான புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் கேரி டோயர் உட்பட மூன்று கட்சித் தலைவர்களும் அப்போது உடன்பாட்டை நிறைவேற்றும் பக்கம்தான் நின்றார்கள். ஜூன் 22 வெள்ளிக்கிழமை, கூட்டத்தை நீட்டிக்கவும் அவர் சம்மதம் தரவில்லை. சபை கலைந்தது. அதே நாளில் நியூஃபவுண்ட்லாந்திலும் முதல்வர் கிளைட் வெல்ஸ் வாக்கெடுப்பை நடத்தாமல் விட்டார். கதை முடிந்தது.

ஆக, அவர் செய்தது சட்டத்தை மீறுவது அல்ல, சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கச் சொன்னது. "விதிப்படி நடங்கள், அவசரத்துக்காக எனக்கு மட்டும் விதியைத் தளர்த்தச் சொல்லாதீர்கள்" என்பதுதான் அதன் சாரம். அவர் தனியாளாகவும் இல்லை. ஃபில் ஃபாண்டேன் தலைமையிலான மானிடோபா முதற்குடித் தலைவர்கள் பேரவையும், ஓவிட் மெர்க்ரெடி போன்ற வழக்கறிஞர்களும், சபை நடைமுறையைக் கரைத்துக் குடித்த ஆலோசகர்களும் பின்னால் இருந்தார்கள். ஜூன் 18இல் மல்ரோனி அனுப்பிய ஆட்கள் வந்து, பூர்வகுடிகளுக்காக ஓர் அரச ஆணையம் அமைக்கிறோம் என்பது உட்படச் சில வாக்குறுதிகளை நீட்டினார்கள். தலைவர்கள் கூடிப் பேசி வேண்டாம் என்றார்கள். இறகோடு தனியாக நின்ற வீரன் என்று சொல்லும்போது இந்தக் கூட்டு உழைப்பு முழுக்க மறைந்துபோகிறது. பூர்வகுடி அரசியல் என்றாலே உணர்ச்சி, ஆன்மீகம், குறியீடு என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கு, அவர்கள் சபை விதிப்புத்தகத்தை எதிராளிகளைவிட நன்றாகப் படித்திருந்தார்கள் என்பது தெரிவதே இல்லை.

இனி, அவரைக் கொண்டாடுகிறவர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம். மீச் லேக் உடன்பாட்டில் 1987இல் மானிடோபாவுக்காகக் கையெழுத்திட்டவர் முதல்வர் ஹவர்ட் பாலி. அந்த பாலியின் அமைச்சரவையில், அந்த ஜூன் மாதம், வடபகுதி விவகார அமைச்சர் யார்? எலைஜா ஹார்ப்பர்தான்!

இதை முதலில் கவனித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அவருடைய வாழ்க்கையின் மையமே இந்த முரண்தான் என்று தோன்றுகிறது.

ஹார்ப்பர் 1949இல் ரெட் சக்கர் லேக்கில் ஓஜி-கிரீ குடும்பத்தில் பிறந்தவர். வின்னிபெக்குக்கு வடகிழக்கே, விமானத்தில்தான் போக முடியும் என்கிற ஊர். ஏரிகள் உறைந்தால் பனிச்சாலை உண்டு. அவர் பிறந்தபோது ஒப்பந்தப் பூர்வகுடிகளுக்கு மானிடோபாவில் மாகாண வாக்குரிமைகூட இல்லை. 1952இல்தான் வந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் எந்த நிபந்தனையும் இல்லாமல் வாக்களிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வளர்த்த உறைவிடப் பள்ளிகளில் படித்தார். 1978இல், 29 வயதில், ஊர்த் தலைவர் ஆனார்.

ஊர்த் தலைவர் என்றால் என்ன அதிகாரம்? 1876இல் வந்த இந்தியர் சட்டத்தின் கீழ் தலைவரும் கவுன்சிலும் ஊருக்கு விதி போடலாம், ஆனால் அன்று ஒட்டாவாவில் உள்ள அமைச்சர் நினைத்தால் அதை ரத்து செய்ய முடிந்தது. தண்ணீர், வீடு, பள்ளி எல்லாவற்றுக்கும் ஊர்க்காரன் தலைவரைத்தான் கேட்பான். தலைவரோ ஒட்டாவாவைக் கேட்க வேண்டும். பொறுப்பு இங்கே, கைச்சாவி அங்கே.

அந்தச் சாவியைத் தேடித்தான் அவர் 1981இல் சட்டமன்றத்துக்குப் போனார் என்று நான் வாசிக்கிறேன். மானிடோபா சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் ஒப்பந்தப் பூர்வகுடி அவர். தொகுதியின் பெயரைப் பாருங்கள்: ரூபர்ட்ஸ்லேண்ட். ஹட்சன் பே கம்பெனி ஒரு காலத்தில் தன் சொத்தாக வைத்திருந்து, 1870இல் அங்கு வாழ்ந்தவர்களைக் கேட்காமலே கனடாவுக்குக் கைமாற்றிய பெருநிலத்தின் பெயர். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அந்த நிலத்து மனிதர் ஒருவர் சபைக்குள் போகிறார். பிறகு அமைச்சரும் ஆகிறார். ஆன பிறகும், தன் மக்களை விட்டுவிட்ட ஓர் உடன்பாட்டில் அவருடைய முதல்வரே கையெழுத்திடுகிறார்.

உள்ளே இடம் கிடைப்பதும் குரல் கிடைப்பதும் ஒன்றல்ல என்று சும்மா சொல்லலாம். ஹார்ப்பரின் வாழ்க்கையில் அதற்குத் தேதியோடு கணக்கு இருக்கிறது. 1987இல் அமைச்சராக இருந்தும் அவரால் அந்த உடன்பாடு நிற்கவில்லை. 1990இல் எதிர்வரிசையில் பதவி எதுவும் இல்லாத உறுப்பினராக இருந்து நிறுத்தினார். நடுவில் மாறியது அவருடைய தகுதி அல்ல. ஒருவரின் மறுப்புக்கும் எடை கொடுக்கிற ஒரு விதி அந்த இரண்டு வாரத்துக்குக் கையில் கிடைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த பகுதி இதை உறுதிப்படுத்துகிறது. 1993இல் அவர் கட்சி மாறி, லிபரல் வேட்பாளராகச் சர்ச்சில் தொகுதியில் வென்று ஒட்டாவா போனார். கட்சித் தலைவர் ஜான் கிரெட்டியன். 1969இல் இந்தியர் விவகார அமைச்சராக இருந்து, ஒப்பந்த உறவையும் தனி அந்தஸ்தையும் கலைத்துவிடலாம் என்று வெள்ளை அறிக்கை கொண்டுவந்து, நாடு முழுக்கப் பூர்வகுடிகளின் எதிர்ப்பை வாங்கிக் கட்டிக்கொண்ட அதே கிரெட்டியன். 295 பேர் கொண்ட சபையில், ஆளும் கட்சியின் பின்வரிசையில், ஹார்ப்பரின் "இல்லை"க்கு என்ன மதிப்பு? ஒருமித்த சம்மதம் எதையும் அங்கே பெரும்பான்மை அரசு நம்பியிருக்கவில்லை. 1995 டிசம்பரில் ஹல் நகரில் அவர் கூட்டிய புனிதப் பேரவைதான் அந்தக் காலத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூர்வகுடிகளும் மற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்த அந்தக் கூட்டம் ஒரு தேசிய நாள் வேண்டும் என்று கேட்டது. மறு ஆண்டே ஜூன் 21 பூர்வகுடிகளின் தேசிய நாளாக அறிவிக்கப்பட்டது. 1997 தேர்தலில் தோற்றார். 1999இல் நிலக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஆணையத்தில் ஆணையர் ஆனார். 2013 மே 17 அன்று ஒட்டாவாவில் காலமானார்.

அந்த மறுப்பால் நஷ்டமே இல்லையா என்றால், உண்டு. கியூபெக்கில் பலர் மீச் லேக்கின் தோல்வியை "கனடா எங்களை வேண்டாம் என்றது" என்றே எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து நடந்த பிரிவினை வாக்கெடுப்பில் நாடு ஒரு சதவீத வித்தியாசத்தில்தான் தப்பியது. அந்தப் பழியை ஹார்ப்பர் தலையில் போடுவது அநியாயம். மூன்று வருஷத்தை வீணடித்துக் கடைசி இரண்டு வாரத்தில் வந்து நின்றவர்கள் வேறு ஆட்கள். ஆனால் நஷ்டமே இல்லாத வெற்றி என்று எழுதுவதும் நேர்மை ஆகாது.

லாபமும் நேர்க்கோட்டில் வரவில்லை. ஜூலை 11ஆம் தேதியே கியூபெக்கின் ஓக்காவில், கோல்ஃப் மைதான விரிவாக்கத்தை எதிர்த்து மோஹாக் மக்கள் நின்றார்கள். ராணுவம் வரை போனது, 78 நாள் நீடித்தது. வின்னிபெக்கில் தலைவர்கள் வேண்டாம் என்ற அரச ஆணையம், பேரமாக இல்லாமல், 1991இல் தானாகவே வந்தது. 1992இல் சார்லட்டவுன் உடன்பாட்டுக்கான மேசையில் பூர்வகுடித் தலைவர்களுக்கு நாற்காலி போடப்பட்டது. அந்த உடன்பாடும் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. ஒதுக்கு நிலங்களில் வாக்களித்தவர்களிலும் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பூர்வகுடிகளைக் கூப்பிடாமல் அரசியல் சாசனம் பேசலாம் என்று அதற்குப் பிறகு யாருக்கும் துணிவு வரவில்லை. ஹார்ப்பரின் உண்மையான சாதனை எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

2023இல் அதே மானிடோபாவில், ஹார்ப்பர் இருந்த அதே புதிய ஜனநாயகக் கட்சியிலிருந்து, வாப் கினியூ முதல்வரானார். ஒரு மாகாணத்துக்கு முதற்குடிகளிலிருந்து வந்த முதல் முதல்வர். பட்ஜெட்டும் ஆஸ்பத்திரியும் சாலையும் இப்போது அவர் பொறுப்பு. இனி அவரை மறுப்புகளை வைத்து எடைபோட மாட்டார்கள், "சரி" என்று கையெழுத்திட்டவற்றை வைத்துத்தான் எடைபோடுவார்கள். அந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்க்கும்போது எனக்கு 1990இன் ஹார்ப்பரைவிட, 1987இல் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த ஹார்ப்பரைத்தான் அதிகம் படிக்கத் தோன்றுகிறது.