பன்னீர் திராட்சை: தோலைத் துப்பாதீர்கள்

பன்னீர் திராட்சையை நம்மில் பலரும் தின்னும் விதம் ஒன்றுதான்: நுனியைக் கடித்து, சதையை உறிஞ்சிவிட்டு, தோலையும் கொட்டையையும் துப்பிவிடுவது. பழத்தின் நல்லதில் பெரும்பங்கு இப்படித்தான் குப்பைக்குப் போகிறது. ஒரு பழத்தைத் தோலுரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது வெளிர்பச்சைச் சதை. கருநீலம் முழுக்கத் தோலோடு போய்விட்டிருக்கும். அந்த நிறத்தைத் தரும் ஆந்தோசயனினும், மருத்துவ உலகில் அதிகம் பேசப்படும் ரெஸ்வெரட்ராலும் தோலில்தான் இருக்கின்றன. பன்னீர் மணமும் அங்கேதான்: ரோஜாவிலும் உள்ள ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும் செறிந்திருக்கின்றன. ஆக, உடம்புக்கு நல்லதும் நாக்குக்கு நல்லதும் இந்தப் பழத்தில் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. ருசி பார்த்துத் தின்னத் தெரிந்தவருக்கு ஆரோக்கியம் தானாக வந்து சேரும்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இது ஆண்டு முழுவதும் காய்க்கிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொத்தை வாங்கும்போது காம்பைப் பாருங்கள். அது பச்சையாக இருந்தால் பழம் புதிது. பறித்த பின் திராட்சை பழுக்காது என்பதால், புளிக்கும் கொத்தை வீட்டில் வைத்துக் காத்திருப்பது வீண். குளிர்ச்சி மணத்தை அமுக்கிவிடும். தின்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். பிறகு முழுப் பழத்தையும் வாயிலிட்டு நிதானமாக மெல்லுங்கள். முதலில் இனிப்பு, கொட்டையை ஒட்டிய சதையில் புளிப்பு, கடைசியில் தோலின் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு இல்லாவிட்டால் இது வெறும் சர்க்கரைத் தண்ணீர். கொட்டை பிடிக்காதவர்கள் அதை மட்டும் துப்பலாம், பாதகமில்லை.

சர்க்கரை கூடாதா என்ற கேள்வி நியாயமானது. 100 கிராம் திராட்சையில் சுமார் 15 கிராம் சர்க்கரை உண்டு. ஆனால் 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,87,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வில், திராட்சை, ஆப்பிள், அவுரிநெல்லி ஆகியவற்றை முழுப் பழமாக உண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிரூபிப்பதல்ல. ஆனாலும் பழச்சாறும் மென்று தின்ற பழமும் ஒன்றல்ல என்பதை இது சுட்டிக்காட்டுகிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ரெஸ்வெரட்ரால் இதயத்தைக் காக்கும் என்று கிலோக்கணக்கில் தின்பதும் தவறு. ஆய்வுகளில் தரப்படும் அளவு எத்தனை கொத்து தின்றாலும் கிடைக்காது.

தோலில் பூச்சிமருந்து இருக்குமே என்பது அடுத்த தயக்கம். பழத்தின் மேல் படிந்த வெள்ளைப் பூச்சைப் பலரும் மருந்தென்றே நினைக்கிறார்கள். அது ஈரம் வற்றாமல் காக்க, பழம் தானே சுரக்கும் மெழுகு. மருந்தின் எச்சமும் இருக்கக்கூடும்தான். காம்பிலிருந்து பழங்களைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போய்விடும். தின்னும் வேளையில் மட்டும் கழுவுங்கள், முன்கூட்டியே கழுவி வைத்தால் சீக்கிரம் அழுகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பழம் தொண்டையை அடைத்துவிடக்கூடும்; நீளவாக்கில் நான்காக நறுக்கி, கொட்டையை எடுத்துவிட்டு, தோலோடு கொடுங்கள்.