பெற்றோருக்கான நூல்கள் யாரைத் திருத்த வேண்டும்?

சிறு குழந்தைகளை வளர்க்கும் பெற்றோருக்கு எந்த நூல்களைப் பரிந்துரைக்கலாம் என்ற கேள்விக்கு நம் சமுதாயத்தில் விடைகள் குறைவில்லை. ஆயின் அவ்விடைகளுள் பெரும்பாலானவை ஒரே தன்மையுடையவை. குழந்தை எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யலாகாது என்று வரிசைப்படுத்தும் நூல்களே பட்டியல்களில் முன்னிற்கின்றன. பெற்றோருக்கென எழுதப்பட்ட நூல் முதலில் திருத்த வேண்டியது பெற்றோரையே என்பது நம் கருத்து. இதை அளவுகோலாகக் கொண்டு நான்கு நூல்களை இங்கு மதிப்பிடுகிறோம்.

பெருநகர வீடுகளை மட்டும் மனத்திற்கொண்டு இதனைச் செய்தல் போதாது. ஆகவே, விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியை உரைகல்லாகக் கொள்கிறோம். வணிகக் குடும்பங்கள் வாழும் சிறு நகரங்கள், நெல்லும் கரும்பும் விளையும் சமவெளிக் கிராமங்கள், மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலை ஆகிய மூன்றும் இம்மாவட்டத்துள் அடங்கும். சங்கராபுரத்து முஸ்லிம் தந்தையும் வெள்ளிமலைத் தாயும் சமயத்தால் வேறுபட்டவர்கள். அவர்களுடைய குழந்தைகளின் இயல்போ ஒன்றே. இருவருக்கும் பயன்படும் கருத்து எந்நூலில் உள்ளது என்று பார்ப்பதே நியாயம்.

முதலாவது, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்'. 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாமவர்கள், உள்ளப் பயிற்சி பற்றிய பகுதியில் குழந்தை வளர்ப்புக்கெனத் தனி இயல் வகுத்துள்ளார்கள். குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் உள்ளம் இன்னும் எந்தச் செதுக்கலும் பதியாத மணி என்பது அங்கே அடிப்படை. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழிலையுடைய கள்ளக்குறிச்சியில் இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை பதிந்த உளியின் தடத்தை அழிக்க இயலாது என்பதைச் சிற்பி அறிவார். அதனாலேயே அவருடைய கை நிதானமாகச் செல்கிறது.

இமாமவர்கள் கூறும் மூன்று அறிவுரைகள் நம் பட்டியல்களில் இடம்பெறுவதே இல்லை. பாடம் முடிந்த குழந்தையை விளையாட விட வேண்டும். தடுத்தால் அதன் உள்ளம் மரத்துப்போகும், அறிவு மழுங்கும், பாடத்திலிருந்து தப்பும் தந்திரங்களையே அது தேடும். முதன்முறை செய்த தவறைக் கண்டும் காணாதது போல் இருக்க வேண்டும். ஓயாமல் கண்டித்தலும் ஆகாது; பழிச்சொல் பழகிப்போனால் அதன் பாரம் குழந்தைக்குத் தெரியாது. இம்மூன்றுமே பெற்றோரின் நாவையும் கையையும் அடக்குபவை. ஆசிரியர் அடித்தால் மாணவன் கூக்குரலிடாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தும் அதே இயலில் உண்டு. அது அக்காலப் பள்ளி வழக்கத்தை ஒட்டியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்துள்ள நாட்டில், அந்த வரியை மட்டும் பொறுக்கியெடுத்து மேற்கூறிய மூன்றையும் விட்டுவிடுவது இமாமவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

இரண்டாவது, சிரியாவின் அலெப்போ நகரத்து அறிஞர் அப்துல்லாஹ் நாஸிஹ் உல்வான் எழுதிய 'தர்பியத்துல் அவ்லாத் ஃபில் இஸ்லாம்'. இவ்விரிவான நூல் வளர்ப்பு முறைகளை ஐந்தாக வகுக்கிறது: முன்மாதிரி, பழக்கம், அறிவுரை, கவனிப்பு, தண்டனை. வரிசையே ஒரு பாடம். முன்மாதிரி முதலிலும் தண்டனை இறுதியிலும் நிற்கின்றன. ஆனால் வாசிப்போர் பலர் கடைசியிலிருந்து தொடங்குகின்றனர். தொழுகையை ஏழு வயதில் ஏவி, பத்து வயதில் கண்டிப்புக் காட்டச் சொல்லும் நபிமொழியை எடுத்தாள்வோர், இடைப்பட்ட மூன்றாண்டுப் பொறுமையைக் கணக்கில் கொள்வதில்லை. பத்தாண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி), நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து ஒரு சலிப்புச் சொல்லைக்கூடக் கேட்டதில்லை என்று அறிவித்திருப்பதையும் மறந்துவிடுகின்றனர். நூலின் பருமனும் ஒரு குறை. நாள் முழுதும் கடையில் நிற்கும் தந்தைக்கு அதன் முன்மாதிரிப் பகுதியை மட்டும் பிரித்துக் கொடுப்பதே நலம்.

மூன்றாவது, குஜராத்தி மொழியில் கிஜுபாய் பதேக்கா 1930களின் தொடக்கத்தில் எழுதிய 'திவாஸ்வப்னா'. நேஷனல் புக் டிரஸ்ட் இதனைப் 'பகல் கனவு' எனத் தமிழில் வெளியிட்டுள்ளது. வழக்கறிஞராயிருந்த கிஜுபாய், தமக்கு மகன் பிறந்தபின் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். மாண்டிசோரியின் நூல்களால் ஈர்க்கப்பட்டுத் தொழிலையே துறந்தார். 1920இல் பாவ்நகரில் பாலமந்திரைத் தொடங்கினார். நூல் பெற்றோரை மாற்றும் என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று. கதையின் ஆசிரியர் முதல் நாளில் அமைதி விளையாட்டை நடத்த முயன்று தோற்கிறார். பின்பு கதை சொல்லத் தொடங்கியதும் வகுப்பு தானே அடங்குகிறது. நூலின் குறை யாதெனில், பெற்றோர் இதில் பெரும்பாலும் தடையாகவே தோன்றுகின்றனர். எனினும், கதை சொல்லப் பெரும்படிப்பு வேண்டியதில்லை என்று இது காட்டுகிறது. எழுத்தறியாத மலைவாழ் தாய்க்கும் தகுதியான இடம் தரும் கருத்து இது.

நான்காவது, ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி 1981இல் வெளியிட்ட 'டோட்டோசான்'. இதையும் நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் தந்துள்ளது. ரயில் பெட்டிகளில் நடந்த டோமோயி பள்ளியை வியந்து, அத்தகைய பள்ளியைத் தேடுவோர் உளர். நாம் கவனிக்க வேண்டியவர் அச்சிறுமியின் தாய். முதற்பள்ளியிலிருந்து மகள் நீக்கப்பட்டதை, அவளுக்கு இருபது வயது நிறையும்வரை அத்தாய் சொல்லவேயில்லை. தவறைக் காணாதது போலிரு என்று கஸ்ஸாலி இமாம் சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. மதிய உணவில் கடலிலிருந்து சிறிதும் மலையிலிருந்து சிறிதும் இருக்க வேண்டும் என்பது அப்பள்ளியின் வழக்கம். எவரேனும் ஒன்றைக் கொண்டுவராவிடில் தலைமையாசிரியரின் மனைவி தம் பாத்திரத்திலிருந்து இட்டு நிரப்புவார்; எந்தப் பிள்ளையும் கூசியதில்லை. சாமையும் தினையும் விளைந்த மலையிலிருந்து இறங்கி உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயிலும் பிள்ளைகளைக் கவனிப்போர் இப்பகுதியை அவசியம் படிக்க வேண்டும்.

நூல் கிடைக்கும் வழியும் திறனாய்வுக்கு உட்பட்டதே. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் 'நுழை, நட, ஓடு, பற' என்ற படிநிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு வழங்கியது. குழந்தை உரக்கப் படிக்கத் தாய் கேட்டிருத்தலும் பெற்றோரின் வாசிப்பே. நம் மஹல்லா நூலகங்கள் இத்தகைய சிறு நூல்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கலாம். மலைப் பள்ளிகளுக்கும் சில பிரதிகளை அன்பளிப்பாக அனுப்பலாம்.

இறந்துபோன சிட்டுக்குருவிக்காக வருந்திய சிறுவர் அபூ உமைரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பறவையைப் பற்றிக் கனிவுடன் விசாரித்தார்கள். ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ், இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி ஏடே எழுதினார். ஒரு குழந்தையின் துயரத்தை இவ்வளவு ஆழ்ந்து படித்த மரபு நம்முடையது. அம்மரபுக்கு ஏற்ற நூல்களே இனி நம் பட்டியல்களின் தலைப்பில் நிற்க வேண்டும்.