ஓபெராவின் 60 நானோ நொடி: பிழை யாருடையது?

ஓபெரா நியூட்ரினோ ஆய்வு சறுக்கிய கதையை ‘ஒரு ஃபைபர் லூஸாக இருந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மைதான். ஆனால் தீர்ப்பு எழுத அந்த ஒரு வரி போதாது.

செர்ன் ஆய்வகத்தில் புறப்பட்ட நியூட்ரினோக்கள் சுமார் 730 கிலோமீட்டர் கடந்து, இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் இருந்த ஓபெரா கருவிக்கு ஒளியைவிட ஏறத்தாழ 60 நானோ நொடி முந்தி வந்தன என்று 2011 செப்டம்பரில் அறிவித்தார்கள். இரு முனைகளின் கடிகாரங்களையும் ஜிபிஎஸ் வழியே இணைத்த வேலையில் குறை சொல்ல இடமில்லை. சுவிஸ், ஜெர்மன் அளவியல் நிறுவனங்களே அதைச் சோதித்திருந்தன.

கோளாறு கடைசி 8.3 கிலோமீட்டரில் இருந்தது. தரைமட்டத்து ஜிபிஎஸ் கடிகாரத்தின் துடிப்பு ஃபைபர் வழியே சுரங்கத்துக்கு இறங்கி, அங்கே ஒளியுணர் டயோடில் விழும். மின்னழுத்தம் குறித்த மட்டத்தைத் தாண்டியதும் டிரிகர் பிறக்கும். கனெக்டர் முழுதாகப் பொருந்தாததால் ஒளி மங்கியது. துடிப்பின் விளிம்பு செங்குத்தாக எழாமல் சாய்ந்து எழுந்தது. மட்டத்தைத் தாண்ட 73 நானோ நொடி கூடுதலாகப் பிடித்தது. நேரக் கணக்கின் பூஜ்யமான அந்த டிரிகரே பிந்தியதால், அதிலிருந்து எண்ணிய எல்லா நிகழ்வுகளும் முந்தி வந்தவையாகப் பதிவாயின. கவுண்டர் 10 நானோ நொடிப் படிகளில் ஒழுங்காகத்தான் எண்ணியது.

இன்னொரு பிழையும் உண்டு. கவுண்டரை இயக்கிய ஆசிலேட்டர் கோடியில் ஒன்றேகால் பங்கு வேகமாக ஓடியது. 0.6 நொடிக்கு ஒருமுறை கவுண்டர் பூஜ்யமாகும்வரை அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். அது எதிர்த்திசையில் இழுத்து, முதல் பிழையில் ஒரு பகுதியை மறைத்தது.

குழுவினர் முடிவை ஒளிக்காமல் வெளியிட்டு, குறை கண்டுபிடிக்கச் சொன்னார்கள், அது பாராட்டுக்குரியது. ஆனால் அக்டோபர்–நவம்பரில் செய்த மறுசோதனை சரியான இடத்தைத் தொடவில்லை. புரோட்டான் துடிப்பை 3 நானோ நொடிக்குச் சுருக்கினார்கள். 20 நியூட்ரினோக்கள் கிடைத்தன. விடை மறுபடி 60ஐ ஒட்டியே வந்தது. வராமல் என்ன செய்யும்? மாறியது புறப்படும் முனை மட்டுமே. வந்துசேரும் முனையில் அதே ஃபைபர், அதே டிரிகர், அதே ஆசிலேட்டர். நிலையான சார்புப் பிழையை எத்தனை ஆயிரம் நிகழ்வுகளைச் சேர்த்தாலும் கரைக்க முடியாது.

சாட்சியும் பக்கத்திலேயே இருந்தது. அதே கிரான் சாஸோ ஆய்வகத்தின் எல்விடி கருவியையும் ஓபெராவையும் கடந்த காஸ்மிக் மியூவான்களின் நேரங்களை ஒப்பிட்டபோது, 2008இல் ஓபெராவின் நேரம் சுமார் 73 நானோ நொடி நகர்ந்து, 2011 கடைசிவரை அப்படியே நின்றது தெரிந்தது. தரவு கையில் இருந்தும் இந்த ஒப்பீட்டை 2012இல்தான் செய்தார்கள்.

கனெக்டர் நழுவியதை விபத்து என்று மன்னிக்கலாம். ஃபைபரின் பழைய தாமத அளவை, அறிவிப்புக்கு முன்பே, ஃபைபர் பொருத்தப்பட்டிருந்த நிலையிலேயே மறுபடி அளக்காமல் விட்டதை மன்னிக்க முடியாது. இயற்பியலின் அடித்தளத்தையே அசைக்கும் முடிவுக்கு அதுதான் முதல் சோதனையாக இருந்திருக்க வேண்டும். 2012 ஜூலையில் திருத்திய விடையில், பிழை எல்லையைத் தாண்டிய வேறுபாடு எதுவும் ஒளியோடு எஞ்சவில்லை.