கோலாப் போரும் ஆனைமலைப் பெட்டிக்கடையும்

எம்.பி.ஏ. படித்த யாரைக் கேட்டாலும் 'கோலா வார்ஸ்' கேஸ் ஸ்டடியைச் சொல்வார்கள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் டேவிட் யோஃபி பல பதிப்புகளாக எழுதிவந்தது. 2010 வரையிலான கதையைச் சொல்லும் பதிப்பை இந்த வாரம் திரும்பப் படித்தேன். தெளிவான எழுத்துதான். ஆனாலும் ஒரு இடத்தில் இடிக்கிறது.

அது எடுத்துக்கொள்ளும் புதிர் இது: எசன்ஸ் தயாரிப்பவருக்குக் கொழுத்த லாபம், அதே பானத்தைப் பாட்டிலில் அடைப்பவருக்குச் சொற்ப லாபம். ஏன்? எசன்ஸுக்குச் சின்ன ஆலை போதும். அடைப்பவருக்கோ மெஷின், பாட்டில், லாரி, ஆள்கூலி என்று முதல் முடங்கிப்போகும். அப்படியிருந்தும் 2010-ல் கோக்கும் பெப்சியும் வட அமெரிக்காவில் தங்கள் பெரிய பாட்டிலர்களை விலைக்கு வாங்கின. லாபம் குறைந்த வேலையை எதற்குத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? விலையோ புதுச் சரக்கோ, பாட்டிலர் ஒத்துழைக்காமல் நினைத்த வேகத்தில் எதுவும் நடக்காது என்பதுதான் காரணம். அந்தச் சிக்கலின் வேர் பழசு: 1899-லேயே கோக் பாட்டிலில் அடைக்கும் உரிமையை வெறும் 1 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டது!

இதுவரை சரி. ஆனால் கோக் 2017-க்குள் அமெரிக்க ஆலைகளைத் திரும்பவும் பாட்டிலர்களிடமே ஒப்படைத்தது. இந்தியாவிலும் 2024 டிசம்பரில், தன் பாட்டிலிங் நிறுவனத்தின் தாய்க் கம்பெனியில் 40 சதவீதத்தை ஜுபிலன்ட் பார்தியா குழுமத்துக்கு விற்பதாக அறிவித்தது. அப்படியென்றால் ஆலை யாருக்குச் சொந்தம் என்பது மட்டுமே கேள்வி இல்லை.

ஆனைமலையில், மாசாணியம்மன் கோயில் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடை. "ஏனுங்கண்ணா, பொவண்டோ சில்லுனு இல்லீங்களா?" என்றேன்.

"ஃபிரிட்ஜு கம்பெனிக்காரங்க குடுத்ததுங்க தம்பி. வேற பாட்டில் அதுல வெக்கக்கூடாதுன்ட்டாங்க."

கேஸ் ஸ்டடியில் கடைகளும் வருகின்றன; சூப்பர் மார்க்கெட், ஃபவுண்டன், வெண்டிங் மெஷின் எல்லாம் உண்டு. நம்ம ஊர்ப் பெட்டிக்கடைக்குத்தான் இடமில்லை. இங்கே ஒரே ஒரு ஃபிரிட்ஜ்தான் மொத்தச் சந்தையும். கடையை வாங்காமலே கடையைப் பிடிக்கிற வழி அது.

பொவண்டோவின் காளிமார்க், 1916-ல் விருதுநகரில் தொடங்கியது. எசன்ஸ் ஒருவர், பாட்டில் ஒருவர் என்று பிரியாமல் பானத்தைத் தானே தயாரித்துத் தானே விற்று வளர்ந்த குடும்ப நிறுவனம். பாடப்புத்தகக் கணக்கில் பாட்டிலர் தகராறே இல்லை. அதற்கும் கடைசிப் பத்தடி தூரத்தில்தான் வழி அடைபட்டது. 2017 மார்ச் 1 முதல் வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தபோது அந்த வழி கொஞ்சம் திறந்தது. ரிலையன்ஸ் 2022-ல் கேம்பாவை வாங்கி, 200 மில்லியை 10 ரூபாய்க்கு இறக்கியது. அது சொந்தக் கடைகள் கையில் இருப்பவர் பக்கத்திலிருந்து வந்த போட்டி.

அதனால் அந்தக் கேஸை வகுப்பில் நடத்துபவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். எசன்ஸ்காரர், பாட்டிலர் லாபத்தை எழுதுகிற பட்டியலில் கடைக்காரர் வரியையும் சேருங்கள். ஒரு பாட்டிலில் அவருக்கு என்ன நிற்கிறது, எதை விற்க அவருக்கு உரிமை இருக்கிறது என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் இந்தத் தொழிலின் லாபக் கணக்கு முடியாது.

நான் அன்று குடித்தது இளநீர். அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டியிருக்கவில்லை.