ஒன்பது நிமிடமா, பத்தொன்பது நிமிடமா?

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எனப்படும் செயலாய்வு இன்று பட்ட வகுப்புகளில் ஒரு பாடம். அதற்கென நாம் பயிலும் நூல்கள் பலவற்றில் ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. விடைகள் இரண்டு தசம இடம்வரை வருகின்றன. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பது மட்டும் வருவதில்லை. ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் மாணவன் பிழை எல்லையை எழுதாவிட்டால் நாம் சும்மா விடுகிறோமா?

திருத்தணியையே எடுத்துக்கொள்வோம். ஆடிக் கிருத்திகையன்று மலைக்கோயிலில் சீட்டு வழங்கும் ஒரு சாளரம். மணிக்குச் சராசரியாக 60 பேருக்குச் சீட்டுத் தர இயலும் என்க. மணிக்கு 54 பேர் வந்தால், எளிய வரிசைச் சூத்திரப்படி ஒருவர் தம் முறைக்குக் காத்திருக்கும் சராசரி நேரம் 9 நிமிடம். எண்ணியவர் மூன்று பேரைத் தவறவிட்டு, உண்மையில் வந்தவர் 57 என்றால், அது 19 நிமிடம்! 60-க்கும் வருவோர் தொகைக்கும் உள்ள வித்தியாசமே சூத்திரத்தில் வகுக்கும் எண்; அது 6-லிருந்து 3-ஆகிவிட்டது. எண்ணிக்கையில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் பிழை, விடையை இரு மடங்குக்கு மேல் மாற்றிவிடுகிறது.

அந்த 19-ஐயும் நம்புவதற்கில்லை. மக்கள் ஒருவரையொருவர் சாராமல் தனித்தனியே வருவதாகச் சூத்திரம் கொள்கிறது. காவடி எடுப்போர் அப்படியா வருகிறார்கள்? சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர் ஊராக, குழுக்குழுவாக வருகிறார்கள். ரயில் நின்றால் ஒரு பெருங்கூட்டம். பிறகு சற்று ஓய்வு. சராசரி வருகை மாறாமலே காத்திருப்பு இன்னும் நீளும். வெயிலில் குழந்தையுடன் நிற்பவருக்கு இது வெறும் தசமக் கணக்கன்று.

எண்ணுவதில் நேரும் பிழையை அறிய நம் நாட்டிலேயே நல்ல வழி கண்டிருக்கிறார்கள். 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிர்ப் பரப்பை மாதிரிமுறையில் மதிப்பிட்ட பி. சி. மகலனோபிஸ், ஒரே பகுதிக்கு இரண்டு மாதிரிகளை எடுத்து, இரு தனிக் குழுக்களை அளக்கச் செய்தார். இரு விடைகளும் எவ்வளவு விலகுகின்றனவோ, அந்த அளவுக்கு எச்சரிக்கை தேவை. மாதிரியின் தற்செயல் வேறுபாடும் அளந்தவர் கவனக்குறைவும் அந்த விலகலில் சேர்ந்தே தலைகாட்டும். பாடநூல்களில் இம்முறைக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாகாதா?

திருவிழாக் கூட்டத்தை எண்ணவும் இது உதவும். 365 படிகளின் உச்சியில், ஒருவர் குறிப்பை மற்றவர் பாராமல் இருவர் எண்ணட்டும். கால்மணிக்கு ஒருமுறை தொகையைக் குறிக்கட்டும். ஆனால் இருவர் கணக்கும் ஒத்துப்போவதாலேயே மகிழ்ந்துவிட முடியாது. மலைப்பாதையில் வண்டியேறி வருவோரை இருவருமே எண்ணியிருக்க மாட்டார்கள்.