மீடோ காரை நிறுத்துகிறாள்

ரஷ்யக்காரன் கடைசிவரை வரவேயில்லை. 2001 மே மாதம் ஒளிபரப்பான ‘பைன் பேரன்ஸ்’ என்ற அத்தியாயத்தில், பனி மூடிய நியூ ஜெர்சிக் காட்டுக்குள் குண்டடி பட்டு ஓடி மறைந்தவன் வலேரி. அவனைத் துரத்திப்போன மாஃபியா அடியாட்கள் பாலியும் கிறிஸ்டஃபரும் வழி தவறினார்கள். பாலியின் ஷூ ஒன்று பனியில் தொலைந்தது. யாரோ விட்டுப்போன பழைய வேனுக்குள் சுருண்டு, கிடைத்த கெட்சப் பொட்டலங்களை உறிஞ்சி ராத்திரியைக் கழித்தார்கள். ரஷ்யக்காரன் செத்தானா, பிழைத்தானா? ‘தி சொப்ரானோஸ்’ ரசிகர்கள் ஆறு வருஷம் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2007 ஏப்ரல் 8 அன்று கடைசி ஒன்பது அத்தியாயங்கள் தொடங்கியபோது, இந்தப் பாக்கியையாவது தீர்க்காமல் தொடர் முடியாது என்று அடித்துச் சொன்னவர்கள் பலர்.

நியூ ஜெர்சி மாஃபியாத் தலைவன் டோனி சொப்ரானோ மயங்கி விழுகிறான், மனநல மருத்துவரிடம் போகிறான். 1999 ஜனவரியில் எச்.பி.ஓ. நிலையத்தில் இப்படித்தான் தொடங்கியது அந்தத் தொடர். எட்டரை வருஷம், 86 அத்தியாயங்கள். கொலை செய்கிற கையாலேயே ஃபிரிட்ஜைத் திறந்து நின்றபடி தின்கிற மனிதனாக ஜேம்ஸ் காண்டொல்ஃபினி நடித்தார். நடித்தார் என்பதைவிட அந்தச் சமையலறையில் மூச்சு வாங்கினார் என்பது சரியாக இருக்கும். அவர் மூச்சு விடும் சத்தத்துக்காகவே சில காட்சிகளைத் திரும்பப் பார்க்கலாம்.

கடைசி ஒன்பது வாரமும் ஒரே சண்டைதான். முடிவு நெருங்குகிறது, ஆனால் கதை ஓடவில்லை என்று ஒரு கூட்டம் கொதித்தது. இந்த ஒன்பதில் முதல் அத்தியாயத்தில் பெரும்பாலும் ஏரிக்கரை வீட்டில் மொனாப்பலி ஆடிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பிறகு டோனி சூதாடித் தோற்கிறான். மகன் ஏஜே காதல் தோல்வியில் துவண்டு கிடக்கிறான். இன்னொரு கூட்டத்துக்கு இதுதான் தொடரே. கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் மனநல மருத்துவர் மெல்ஃபி டோனியைக் கைகழுவும் இடத்தைப் பாருங்கள். காத்திருப்பு அறையில் கிடந்த பத்திரிகையிலிருந்து ஸ்டேக் சமையல் குறிப்பு உள்ள பக்கத்தை அவன் கிழித்து வைத்துக்கொண்டிருக்கிறான். அதைச் சாக்காக வைத்து அவள் பொரிந்து தள்ளுகிறாள். இத்தனை கொலையை ஏழு வருஷம் காது கொடுத்துக் கேட்டவளுக்கு, வாய்விட்டுச் சொல்ல முடிந்த குற்றம் ஒரு காகிதக் கிழிசல். இந்த அளவில்தான் அந்தத் தொடர் எப்போதும் யோசித்தது. முடிவும் இதே அளவில்தான் இருக்கப்போகிறது என்று அப்போதே ஊகித்திருக்க வேண்டும்.

2007 ஜூன் 10, ஞாயிறு இரவு. கடைசி அத்தியாயத்தை எழுதியவரும் இயக்கியவரும் தொடரைப் படைத்த டேவிட் சேஸ். தொடரின் முதல் அத்தியாயத்துக்குப் பிறகு அவர் இயக்கியது இது ஒன்றைத்தான். முதல் ஷாட்டில் டோனி மல்லாந்து படுத்திருக்கிறான், கண் மூடி, அசைவில்லாமல். பின்னணியில் ஆர்கன் வாத்தியம். தேவாலயத்தில் கிடத்திய உடலைப் பார்ப்பதுபோல ஒரு நொடி திக்கென்கிறது. பிறகு அவன் விழிக்கிறான். கிளாக் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் குறும்பைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டதால், அடுத்த ஒரு மணி நேரமும் அவன் செத்துப்போன பிறகு நடப்பதுபோலவே ஒரு சாயை படிந்துவிடுகிறது.

நடுப்பகுதியை வேகமாகத் தாண்டலாம். எதிரி ஃபில் லியோடார்டோ பெட்ரோல் பங்கில் சுடப்படுகிறான், அவன் தலைமேல் சொந்தக் காரே ஏறுகிறது. அந்தக் கடைசி நசுக்கலும் அதைப் பார்ப்பவர் வாந்தி எடுப்பதும் கொஞ்சம் மலிவு. கைத்தட்டலுக்காகச் செய்தது. அதைவிட நயமான இடம், வக்கீல் நீல் மிங்க் வரும் காட்சி. உன்மேல் குற்றப்பத்திரிகை வருவது அநேகமாக நிச்சயம் என்று சொல்கிறார். சொல்லும்போதே, விழாத கெட்சப்புக்காகப் பாட்டிலின் அடியைத் தட்டுகிறார், தட்டுகிறார், தட்டிக்கொண்டே இருக்கிறார். டோனியின் எதிர்காலமும் அந்த பாட்டிலும் ஒரே மூச்சில். பைன் பேரன்ஸ் வேனில் உறிஞ்சிய பொட்டலம் நினைவுக்கு வந்தால் அது நம் பாடு.

இனி ப்ளூம்ஃபீல்ட் ஊரில் ஹோல்ஸ்டன்ஸ். 1939 முதல் இருக்கிற நிஜமான ஐஸ்கிரீம், மிட்டாய்க் கடை. டோனி கதவைத் திறந்து நின்று பார்க்கிறான். அடுத்த ஷாட்டில், அவன் பார்த்த அதே இடத்தில் அவனே உட்கார்ந்திருக்கிறான். நடந்துபோன தூரம் காணாமல் போய்விட்டது. குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் விண்வெளி வீரன் தன்னையே வயோதிகனாகப் பார்க்கும் இடத்தின் பாதிப்பு இது என்று சேஸ் பின்னாளில் இயக்குநர் சங்கப் பத்திரிகையில் விளக்கினார். விளக்கம் தெரியாமல் பார்க்கும்போதும் ஏதோ தவறிவிட்டது என்று உடம்புக்குத் தெரியும்.

மேஜை ஓரத்தில் சின்ன ஜூக்பாக்ஸ். புரட்டிப் புரட்டி, ஜர்னி குழுவின் 1981ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்றைப் போடுகிறான். கல்யாண வீடு, பந்தயத் திடல், மதுக்கூடம் என்று அமெரிக்காவில் ஒலிக்காத இடம் இல்லாத பாட்டு. டோனியின் ரசனைக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்காது. அதைப் பாடிய ஸ்டீவ் பெரி லேசில் அனுமதி தரவில்லையாம். தன் பாட்டின்மேல் டோனியைக் கொன்றுவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். ஒளிபரப்புக்கு முந்திய சில நாட்களில்தான் ஒப்புக்கொண்டார்.

கதவில் ஒரு மணி. யார் வந்தாலும் கிணுங்கும். மணி, நிமிரும் டோனியின் முகம், அவன் பார்க்கும் வாசல். யாரோ ஒரு பெண் வருகிறாள். மறுபடி மணி, முகம், வாசல்: மனைவி கார்மெலா. சேஸ் நமக்கு ஒரு தாளத்தைப் பழக்குகிறார். முகத்துக்குப் பின் வருவது அவன் கண்ணில் படுவது என்று நாம் கற்றுக்கொண்டுவிடுகிறோம், கற்றுக்கொண்டது தெரியாமலே. கடைக்குள் வேறு யார் யார்? சாரணச் சிறுவர்கள், கொஞ்சிச் சிரிக்கும் ஒரு ஜோடி, தொப்பி போட்ட ஒரு தனி ஆள். ஒருவரும் தவறாக எதுவும் செய்யவில்லை. ஆனால் கேமரா ஒவ்வொருவர் மேலும் அரை நொடி கூடுதலாகத் தங்குகிறது. அந்த அரை நொடியில் நாம் சந்தேகப்படத் தொடங்குகிறோம். எட்டரை வருஷம் வெளியிலிருந்து டோனியைப் பார்த்தவர்களை, நாலைந்து நிமிஷத்தில் அவன் கண்ணுக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுகிறார். அவன் வாழ்க்கை இதுதான்: எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்தபடி.

பேச்சோ சப்பென்று இருக்கிறது, வேண்டுமென்றே. என்ன சாப்பிடலாம் என்கிறாள் கார்மெலா. தன் ஆள் கார்லோ சாட்சி சொல்லப்போகிறான் என்கிறான் டோனி. சிறைக்கதவு திறக்கிற செய்தி அது. பண்டப் பட்டியலுக்கு நடுவே போய்விடுகிறது. அடுத்த மணிக்கு உள்ளே வருபவன் மெம்பர்ஸ் ஒன்லி பிராண்டு ஜாக்கெட் போட்ட ஓர் ஆள். அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஏஜே. மகனைப் பார்த்த சந்தோஷத்தில் டோனியின் பார்வை முன்னால் வந்தவனைத் தாண்டிப் போய்விடுகிறது. இந்த ஒரு ஷாட்டின் அடுக்கு எனக்கு அலுப்பதேயில்லை: ஆபத்தும் பாசமும் ஒரே கதவில், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு.

ஏஜே வேலையைப் பற்றி அலுத்துக்கொள்கிறான். பிறகு, நல்ல நேரங்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது நீங்கள்தானே என்று கிண்டலாகக் கேட்கிறான். நானா சொன்னேன், என்கிறான் டோனி. சொன்னான். 1999இல், முதல் பருவத்தின் கடைசிக் காட்சியில், புயல் இரவில், நண்பன் ஆர்ட்டியின் உணவகத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், இதே குடும்பத்திடம் சொன்னான். சொன்னவனுக்கு மறந்துவிட்டது. காதில் வாங்காதவன்போல இருந்த பிள்ளைக்கு நினைவிருக்கிறது. தொடர் நன்றாக முடிந்ததா என்று வாதிடுபவர்கள் துப்பாக்கியையே தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் முடிவு இந்த இரண்டு வரிப் பேச்சிலேயே நடந்துவிட்டது.

மேஜைக்கு ஆனியன் ரிங்ஸ் வருகிறது. மாநிலத்திலேயே இதுதான் சிறந்தது என்று டோனி சான்றிதழ் தருகிறான். மூவரும் ஆளுக்கொன்றை எடுத்து, கடிக்காமல், முழுசாக நாக்கில் வைத்துக்கொள்கிறார்கள். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதுபோல. கத்தோலிக்கக் குடும்பம்தான், ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. பொரித்த வெங்காயத்தைக் கொண்டு இவ்வளவு செய்துவிட்டு, செய்யாததுபோல நகர்ந்துவிடுகிறது கேமரா.

இதற்கிடையில் வெளியே மீடோ. மகள் ஏன் தாமதம் என்றால், டாக்டரிடம் கருத்தடை மாத்திரையை மாற்றப் போனாள், சாதாரணக் காரணம். வந்தவளுக்கு இரண்டு கார்களுக்கு நடுவே வண்டியைச் செருகத் தெரியவில்லை. பின்னால் எடுக்கிறாள், சக்கரம் நடைபாதையில் இடிக்கிறது, வெளியே எடுக்கிறாள், மறுபடி. உள்ளே ஜாக்கெட்காரன் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழிப்பறைக்குப் போகிறான். ‘காட்ஃபாதர்’ பார்த்தவர்களுக்கு உணவகக் கழிப்பறையில் என்ன இருக்கும் என்று தெரியும்: ஒளித்துவைத்த துப்பாக்கி. மறுபடி மீடோ, மறுபடி சக்கரம். உலகத்தில் யாருக்கும் இவ்வளவு பதற்றமான பார்க்கிங் அமைந்ததில்லை. வெடி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு பெண், ஒரு ஸ்டியரிங். வெட்டும் இடங்களை மட்டும் வைத்து ஒரு சாதாரணத் தொந்தரவை மூச்சுமுட்ட வைக்க முடியும் என்பதற்கு இது பாடம். நேரத்துக்கு வந்திருந்தால் அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கழிப்பறைப் பக்கத்தை மறைத்திருப்பாள், அவன் பிழைத்திருப்பான் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரியோ தவறோ, சக்கரம் இடிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

அவள் தெருவைக் கடந்து ஓடி வருகிறாள். மணி. டோனி நிமிர்கிறான். முகம். பாட்டு பல்லவியின் நடுவில் அறுகிறது. கறுப்பு. சத்தமில்லாமல் பத்து நொடி போல. பிறகு இசையே இல்லாமல் பெயர்கள் ஓடுகின்றன. பெயர்ப்பட்டியலே வேண்டாம், நிலையத்தின் முத்திரை வரை கறுப்பே ஓடட்டும் என்றுதான் சேஸ் கேட்டாராம். இயக்குநர் சங்கம் விடவில்லை.

ஏறக்குறைய 1.19 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேபிள் போய்விட்டது என்று எத்தனை பேர் எழுந்து டிவியின் பின்பக்கம் தட்டினார்களோ. சேஸ் அப்போது பிரான்சில் இருந்தார். மறுநாள் ‘ஸ்டார் லெட்ஜர்’ விமர்சகர் ஆலன் செப்பின்வாலிடம், விளக்க எதுவும் இல்லை, எல்லாம் திரையிலேயே இருக்கிறது என்கிற பாங்கில் பேசினார். டோனி தினமும் டிரஸ்ஸிங் கவுனோடு வாசலில் போய்ப் பொறுக்கி வருவானே, அதே பத்திரிகைதான் இந்த ‘ஸ்டார் லெட்ஜர்’.

பிறகு வருஷக்கணக்காக இரண்டு கட்சி. செத்தான் என்பவர்களிடம் ஆதாரம் நிறைய. ஏரியில் படகில், சாவு வரும்போது சத்தம்கூடக் கேட்காது என்கிறமாதிரி மைத்துனன் பாபி டோனியிடம் பேசியது. கூடவிருந்தவன் சுடப்பட்டது டோனியின் கூட்டாளி சில்வியோவுக்கு முகத்தில் ரத்தம் தெறித்த பின்பே உறைத்தது. ஆறாம் பருவத்தின் முதல் அத்தியாயத்துக்கே ‘மெம்பர்ஸ் ஒன்லி’ என்று பெயர், அதில்தான் டோனி சுடப்பட்டான். பிழைத்தான் என்பவர்களிடம் ஒரே ஆதாரம்: காட்டவில்லையே. 2019இல் வந்த ‘தி சொப்ரானோஸ் செஷன்ஸ்’ நூலின் உரையாடலில் சேஸ் வாய் தவறி ‘அந்தச் சாவுக் காட்சி’ என்று சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அப்போது ஒரு கட்சி விருந்து வைத்துக் கொண்டாடியிருக்கும்.

எனக்கும் செத்தான் என்றே படுகிறது. முகத்துக்குப் பின் வருவது அவன் பார்ப்பது என்று அவ்வளவு பொறுமையாகப் பழக்கிவிட்டுக் கறுப்பை வைத்தால், அந்தக் கறுப்பு அவன் பார்ப்பதுதான். இலக்கணம் அப்படிச் சொல்கிறது. ஆனால் இந்தத் தீர்ப்பு எனக்குப் பெரிதாக இனிக்கவில்லை. அன்றைக்குத் தப்பினாலும் அடுத்த கடையில், அடுத்த மணியில் அவன் நிமிர்ந்துதான் ஆக வேண்டும். செத்தாலும் பிழைத்தாலும் அந்த மேஜையில் அவனுக்கு நடந்தது ஒன்றே.

ஹோல்ஸ்டன்ஸில் அவர்கள் உட்கார்ந்த அந்த இருக்கை 2024இல் 82,600 டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் எந்தக் கட்சியோ. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் பேதமில்லை: கடைசியாகக் கதவைத் திறந்தவள் மீடோ என்று அடித்துப் பேசுகிறார்கள். திரும்பப் போட்டுப் பாருங்கள். அவள் தெருவைக் கடப்பதைத்தான் காட்டினார்கள். மணி அடித்ததைக் கேட்டோம். உள்ளே வந்தது யார் என்று எவரும் பார்க்கவில்லை.