கொடையும் உடைமையும்: ஊவாத் தோட்டச் சிறுவரின் நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

நூலை எழுதுவோர் யார், அச்சிடுவோர் யார், அது இறுதியில் எவர் கையில் தங்குகிறது என்னும் வினாக்களை விடுத்து வாசிப்பினைப் பற்றிப் பேசுதல் அரைகுறை ஆய்வாகவே முடியும். அண்மைக் காலத்தில் வணிக நிறுவனங்களும் அவற்றின் நிதியைப் பெறும் தொண்டு நிறுவனங்களும் சிறுவர்க்கு நூல் வழங்குவதைச் சமூகப் பணியாக மேற்கொண்டு வருகின்றன. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு இப்பணியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத்தில் அச்சு நூலுக்கும் தோட்ட மூலதனத்துக்குமுள்ள உறவு புதியதன்று. 1869இல் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பி கிருஷிக் கும்மி' வெளிவந்தது. கோப்பிச் செய்கையைப் பாடிய அந்நூல், தொழிலாளியின் துயரைக் காட்டிலும் தோட்டத்தின் செழிப்பையே பெரிதும் நாடியது. பின்னர் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் வெளியிட்ட பாட்டு நூல்கள் தொழிலாளர் பக்கம் நின்று பேசின. ஆகவே நூல் கிடைத்ததா என்பது மட்டும் வினாவன்று. அந்நூல் யாருக்காகப் பேசுகிறது என்பதும் வினாவாகும்.

இன்றைய கொடைக்கு இடமளித்த வெறுமை எவ்வாறு தோன்றியது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாயின. ஆயினும் பாடநூலுக்கு அப்பால் வாசிக்க வேண்டுமாயின் பொது நூலகம் வேண்டும். கிராமங்களில் அதனை நடத்துவது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்ட எல்லைக்குள் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. 2018இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. பசறையிலும் ஹாலிஎலையிலும் பிறந்த ஒரு தலைமுறை முழுவதும், வாக்களித்த சபையின் நூலகச் சேவை தன் லயத்தை எட்டாத நிலையிலேயே வளர்ந்தது. இவ்வெறுமையில்தான் தனியார் கொடை நுழைகிறது.

அக்கொடையை முற்றாகப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. 2005இல் இலங்கையில் பணி தொடங்கிய 'ரூம் டு ரீட்' நிறுவனம், நிறுவனங்களும் தனியாரும் வழங்கும் நிதியைக் கொண்டு பாடசாலை நூலகங்களை அமைத்ததோடு, சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களைப் புதிதாக எழுதுவித்து வெளியிட்டது. வெளிநாட்டில் கழித்துவிடப்பட்ட ஆங்கில நூல்களைப் பெட்டிகளில் கொண்டுவந்து இறக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றமே.

எனினும் நூலக நூல் வேறு, சொந்த நூல் வேறு. அமெரிக்காவில் பாடகி டொலி பார்ட்டன் 1995இல் தொடங்கிய திட்டம், ஐந்து வயது வரை மாதந்தோறும் ஒரு நூலைக் குழந்தையின் பெயருக்கே தபாலில் அனுப்புகிறது. குழந்தையின் பெயருக்குப் பொதி வருவதே அதன் உயிர். இதனை ஊவாத் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். லயத்து வாசிகளுக்குத் தனி முகவரி இன்றி, கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்து சேர்வதே நெடுங்கால வழக்கம். வீடு தோட்டத்துக்குரியது, நிலம் தோட்டத்துக்குரியது. 2023இல் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு, தன் பெயரெழுதிய நூலே குடும்பத்தில் எவரும் பறிக்கவியலாத முதல் உடைமையாக அமையலாம். சிறு கொடை இங்கே பெரும் பொருள் பெறுவது இதனாலேயே.

இவ்வுடைமையைக் கெடுப்பனவும் உள. முதலாவது, பெயர். ஹப்புத்தளைக்கு மேலேயுள்ள மலைமுகடு இன்றும் 'லிப்டன் சீட்' என்றே வழங்குகிறது. அம்மலைச் சரிவுகளைத் தேயிலையால் போர்த்திய கைகளுக்குரியோரின் பெயரை எம்முகடும் தாங்கவில்லை. நூலின் முதற் பக்கத்திலும் நிறுவனத்தின் இலச்சினையே பதிந்து, பிள்ளையின் பெயரெழுத இடமில்லாவிடின் பழைய கதையே தொடரும்.

இரண்டாவது, காலம். இங்கிலாந்தில் 1992இல் பேர்மிங்ஹாம் நகரில் முந்நூறு குழந்தைகளுடன் தொடங்கிய 'புக்ஸ்டார்ட்' திட்டம், 1999இல் செயின்ஸ்பரி என்னும் பேரங்காடி நிறுவனம் நிதி வழங்கியதால் நாடெங்கும் பரவியது. ஈராண்டில் அவ்வுதவி முடிவுற்றபோது திட்டம் தடுமாறிற்று. பின்னர் 2004இல் அரசு நிதி கிடைத்தமையாலேயே அது நிலைபெற்றது. செல்வ நாட்டிலேயே நிலைமை இதுவெனின், தேயிலை விலையோடு ஏறி இறங்கும் கொடையை நம்பி ஒரு பிள்ளையின் வாசிப்பை அமைக்கலாமா?

மூன்றாவது, கூலி. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோதும், 2024இல் 1700 ரூபா அறிவிக்கப்பட்டபோதும் பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. தன் பிள்ளைக்குரிய நூலைத் தாயே பதுளைக் கடையில் தெரிந்து வாங்கக்கூடிய சம்பளமே மிகச் சிறந்த வாசிப்புத் திட்டமாகும். உரிமையின் இடத்தில் கொடை அமர்தல் தகாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நியாய வணிகச் சான்றிதழ் பெற்ற தோட்டங்களில், கொள்வனவாளர் தரும் மேலதிகத் தொகையை எதற்குச் செலவிடுவது என்பதைத் தொழிலாளர் தெரிவுசெய்யும் குழுவே முடிவு செய்கிறது. நிறுவனங்களின் நூல் நிதிக்கும் இம்முறை பொருந்தும். பெற்றோரும் ஆசிரியரும் நூல்களைத் தெரிவுசெய்க. நிதி பல ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்படுக. பிரதேச சபை, இன்று சட்டம் வழிவிட்ட நிலையில், தோட்டத்துக்குள் நூலகம் அமைக்க முன்வருக.

நூலின் உள்ளடக்கம் பற்றிய பொறுப்பு எம்மையும் சாரும். பதுளை மாவட்டத்தின் ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவலால் லயத்து வாழ்வை வளர்ந்தோரின் இலக்கியமாக்கினார். அதே வாழ்வைச் சிறுவர்க்குச் சொல்லும் நூல்கள் போதியளவு எழவில்லை. பாட்டிமார் சொல்லும் கதைகளைத் தொகுத்துச் சிறுவர்க்கேற்ற நடையில் எழுதுதல் தமிழ் பயிலும் மாணவர்க்கு இயலாத காரியமன்று. அச்சுக்கூலியை எந்த நிறுவனமும் தரலாம். கதை எமதாகவும் நூல் பிள்ளையினதாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்தபோதே அதனை வாசிப்புப் பணி எனக் கூறுதல் பொருந்தும்.